பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பது

"பொனட்டைத் திறங்க" என்பார் அக்கா. திறந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் குனிந்து பார்ப்பார். எதையும் தொடமாட்டார், எதையும் கேட்கமாட்டார். ஆற அமரப் பார்த்து முடித்து நிமிர்ந்து, "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்கே வாகனம் விற்க வந்தவர்களின் முகம் சுருங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்களாகவே பேசத் தொடங்குவார்கள். "ரேடியேட்டர்ல சின்னதா ஒரு ஒழுக்கு இருக்கு அக்கா. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

அக்காவுக்கு ரேடியேட்டர் எது, பெட்டரி எது என்று தெரியாது. அதை அவரே என் மனைவி சாந்தியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"எனக்கு என்னடி தெரியும்? உள்ள ஒரே எண்ணெயும் கறுப்புமா இருக்கு. கொஞ்ச நேரம் பேசாம நின்னா அவங்களே பேசுவாங்க. பொண்ணு பார்க்கப் போற எடத்திலயும் இதேதான்."

அவர் கல்யாணத் தரகர். கண்டி டவுனிலும் குண்டசாலையிலும் பேராதனைப் பக்கமும் நம் ஆட்கள் வீடுகளில் நடந்த பல கல்யாணங்களுக்குப் பின்னால் அவருடைய குடையும் கறுப்புக் கைப்பையும் இருந்தன. வாகனத் தரகு இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்ட விதத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாப்பிள்ளையைக் காட்டப் பெண் வீட்டாரைக் கூட்டிப் போயிருக்கிறார். மாப்பிள்ளை பேசப் பேசப் பெண்ணின் அப்பா ஜன்னல் வழியாக வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாராம். வெளியே மாப்பிள்ளையின் அப்பாவுடைய வேன் நின்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாராம், "அந்த வேனைக் குடுப்பாங்களா?" என்று.

"மாப்பிள்ளையை வேணாம்னுட்டாங்க, வேனை வேணும்னாங்க" என்பார் அக்கா. "நான் என்ன செய்ய? போன பஸ் காசாவது வரட்டும்னு அதையே முடிச்சு வச்சேன். ரெண்டு வீட்டுக்காரங்களும் இன்னைக்கு வரைக்கும் நல்ல பழக்கம். மாப்பிள்ளையக் குடுத்திருந்தா சண்டை பிடிச்சிருப்பாங்க."

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் இது எந்தப் புத்தகம், யார் போடுகிறார்கள், இதற்கு முன்னால் யாரையெல்லாம் பற்றிப் போட்டார்கள், அவர்கள் எல்லாம் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். குண்டசாலையில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இப்போது திருகோணமலையில் மகளோடு இருக்கிறார். அங்கே கடலில் கால் வைப்பதற்கு முன்னால் கரையில் இருந்த நாலு பேரிடம் கடலின் குணத்தைக் கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் அவர் எந்தப் பொருளையும் பார்த்து வாங்கியவரில்லை. கேட்டு வாங்கியவர். ஒரு முறை பல் வலி தாங்காமல் அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருக்க, வாயைத் திறக்கச் சொன்ன டாக்டரிடம், "இதுக்கு முன்னால எங்க இருந்தீங்க? அங்க இருந்து ஏன் மாத்துனாங்க?" என்று கேட்டார். டாக்டர் சின்னப் பையன். கையில் கண்ணாடிக் கம்பியோடு நின்று, அம்மாவுக்குச் சுகமில்லாததால் தானாகத்தான் மாற்றம் கேட்டு வந்ததாகப் பதில் சொன்னான். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

நாங்கள் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு வந்த நாளும் அப்படித்தான். நானும் சாந்தியும் அலுமாரியை இறக்கிக்கொண்டிருந்தோம். குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"முட்டை யாவாரம் செய்ற தம்பிதானே? எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்த விட்டது நீங்கதானே?"

என் கையில் இருந்து அலுமாரி நழுவி சாந்தியின் காலில் விழப் பார்த்தது.

"நானா விட்டதுதான் அக்கா" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். தானா விட்டதுன்னாப் பரவாயில்ல. அவங்களா போகச் சொன்னாத்தான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கம் அலுமாரியைப் பிடித்தும் கொடுத்தார். வீட்டுக்காரம்மா எங்களுக்கு வீட்டைக் கொடுப்பதற்கு முன்னால் இவரிடம்தான் யோசனை கேட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

வாகனங்களைப் பற்றி அவர் பேசுகிற பேச்சே தனி. பழைய வாகனம் என்று சொல்லமாட்டார், மறுதாரம் என்பார். இரண்டு பேர் கை மாறி வந்திருந்தால் மூன்றாம் தாரம். பதிவுப் புத்தகத்தை ஜாதகம் என்பார். விற்கிறவர் விலையைச் சொன்னால் காதிலேயே வாங்காமல், "மொதல்ல இருந்த வீட்டில ஏன் விட்டாங்க?" என்பார். சொல்லிவைத்துவிட்டுப் போகமாட்டார். காலையில் விற்கிறவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போய் நிற்பார். "பவுடர் போட முன்னால பார்க்கணும்" என்பது அவருடைய கொள்கை. முதலில் போவது அந்த வீட்டுக்கு அல்ல. எதிரே இருக்கிற கடைக்கு.

எல்லாவற்றையும் விட அவர் விடாப்பிடியாக வைத்திருந்தது ஒன்று. சம்பந்தம் பேசி முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே, அது. பிடிக்குமோ பிடிக்காதோ என்று இருக்கும்போது அங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், பிறகு வேண்டாம் என்று எழுந்து வர முகம் இருக்காது. சாப்பிட்டது சம்மதம் சொன்னதற்குச் சமம். இதை அக்கா வாகனத்துக்கும் வைத்திருந்தார். விற்கிறவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கைப்பையில் ஒரு போத்தல் தண்ணீரும் கடதாசியில் சுற்றிய நாலு கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் இருக்கும். தாகம் எடுத்தால் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார்.

இனி என் கதை.

நான் குண்டசாலைப் பக்கத்துப் பண்ணைகளில் முட்டை எடுத்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்ல வரை கடைகளுக்குக் கொடுக்கிறவன். ஓட்டோவில்தான் கொண்டுபோய்க் கொண்டிருந்தேன். ஓட்டோவுக்குள் அடுக்கக்கூடியது கொஞ்சம். அது குலுங்குகிற குலுக்கலில் உடைகிறது இன்னும் கொஞ்சம். மீதியைப் பெற்றோல் தின்றுவிடும். மடுல்கெல்ல கடை முதலாளிதான் என்னிடம் அதிகம் எடுப்பவர். அவர் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, மாத்தளையில இருந்து ஒருத்தர் லொறியில கொண்டாந்து தாரேங்கிறார். நீங்க பழகின ஆள்ங்கிறதால இந்த மாசம் பார்க்கிறேன். அதுக்குள்ள ஒரு பெரிய வண்டியாப் பாருங்க. இல்லன்னாக் கோவிக்காதீங்க."

அந்தக் கடை போனால் மற்றக் கடைகளுக்காக மட்டும் மலை ஏறி இறங்குவதில் பிரயோசனம் இல்லை. தொழிலை விட்டுவிட்டு வேறு பார்க்க வேண்டியதுதான். எட்டாம் வகுப்புக்கு வேறு என்ன இருக்கிறது? சாந்தியும் நானும் சேர்த்ததையும் அவளுடைய சங்கிலியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். பெற்றோல் கெப் எதற்கும் அது பத்தாது. கடைசியில் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஜப்பானில் ஓடி வந்த சின்ன மின்சாரக் கெப். பின்னால் திறந்த தட்டு, முன்னால் இரண்டு பேர் இருக்கலாம். இடம் திகன. விலை எங்கள் கைக்கு எட்டுகிற விலை.

எட்டுகிற விலை என்றதும்தான் எனக்குப் பயம் பிடித்தது. மலைநாட்டில் மின்சார வண்டியை யார் வாங்குவார்கள்? ஏற்றத்தில் பெட்டரி தாங்காமல் நின்றால், அதைக் கட்டியிழுக்கவே இன்னொரு வண்டி வேண்டும். மழையில் கரண்ட் அடிக்குமா? மின்வெட்டு திரும்பி வந்தால்? சார்ஜ் போடுகிற வயரைக் குரங்கு கடித்தால்?

"குரங்கு கடிச்சாக் குரங்குக்குத்தான் கரண்ட் அடிக்கும்" என்றாள் சாந்தி. "உங்களுக்கு என்ன? போய் அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திகனையில் பஸ்ஸால் இறங்கியதும் அக்கா நேராக, விற்கிறவர் வீட்டுக்கு எதிரே இருந்த சலூனுக்குள் நுழைந்தார். முடி வெட்ட வந்தவர்களும் வெட்டுகிறவரும் திகைத்துப் போனார்கள்.

"எதிர் வீட்டு ஹாஜியாருடைய வெள்ளைக் கெப் எப்படி?" என்றார்.

"ஹாஜியாரா? தங்கமான மனுசன்" என்றார் சலூன்காரர்.

"நான் ஹாஜியாரைக் கேக்கல. கெப்பைக் கேட்டேன்."

சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நல்லம்தான். சத்தமே ஈக்காது. ஒரு நாள் மட்டும் வேற லொறிட முதுகுல ஏறி வந்த."

வெளியே வந்த அக்காவின் முகம் இருண்டிருந்தது. "வாழப் போன பொண்ணை ஒரு நாள் தூக்கிக்கிட்டு வந்து வீட்டில விட்டிருக்காங்க" என்றார். "இது சரிவராது. ஆனா வந்தது வந்தாச்சு, மூஞ்சியப் பார்த்துட்டுப் போயிருவோம். உள்ள எதையும் வாயில வச்சிராத. தண்ணியும் குடிக்காத. வேணாம்னு சொல்லிட்டு வர்ற எடம்."

"சரி அக்கா" என்றேன். அப்போதே எனக்கு நாக்கு வறண்டிருந்தது.

ஹாஜியார் ஹார்ட்வெயார் கடைக்காரர். கடைக்குப் பின்னால் வீடு. வாசலில் கெப் நின்றது. அக்கா வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பொனட்டைத் திறங்க" என்றார்.

"இதுக்குப் பொனட் இல்ல அக்கா" என்றார் ஹாஜியார். "மோட்டர் பொறகால, அடியில ஈக்கி."

அக்கா தடுமாறியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வண்டியின் முன்பக்கம் மொட்டையாக நேரே கீழே இறங்கியது. "மூஞ்சியே இல்லாத பொண்ணா இருக்கே" என்று முணுமுணுத்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "சரி, ஜாதகத்தைக் காட்டுங்க" என்றார். ஹாஜியார் என்னைப் பார்த்தார். "புத்தகம், புத்தகம்" என்றேன் நான்.

புத்தகத்தைப் பார்த்தபின் ஹாஜியார் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. முன்னால் இருந்த சின்னத் திரையில் வரிசையாகக் கட்டங்கள் எரிந்தன. "இதுதான் சார்ஜ். எல்லாமாப் பன்னெண்டு கட்டம் ஈக்கி" என்றார்.

அக்காவுக்கு உயிர் வந்தது. "பன்னெண்டு கட்டமா? அப்ப இதுதான் ஜாதகம். முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" கண்ணாடியை இறக்கிவிட்டு எண்ணினார். "ஒம்பதுதான் எரியுது?"

"பெட்டரி பழசுதானே அக்கா. ராவெல்லாம் சார்ஜ் போட்டாலும் ஒம்பதுதான் வரும். நான் மறைக்கல்ல."

"மூணு வீடு காலி" என்றார் அக்கா. "எந்த மூணுன்னு சொல்லுங்க. ஏழாம் வீடு காலின்னா இப்படியே கெளம்பிருவோம்."

ஹாஜியார் பாவம், உண்மையாகவே குனிந்து எந்த மூன்று என்று பார்த்தார்.

வீட்டுக்குள் கதிரைகளைப் போட்டு உட்கார வைத்தார்கள். ஹாஜியாரின் மனைவி உள்ளேயிருந்து மூன்று கிண்ணங்களில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் அனுப்பினார். அக்கா கிண்ணத்தை வாங்கி, மரியாதையாக மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியைத் தொடாமல் இருந்தார். நானும் அப்படியே இருந்தேன். அப்போது புதுப் பெட்டரி போடுவதென்றால் என்ன செலவாகும் என்று என் வாய் கேட்டுவிட்டது. ஹாஜியார் சொன்னார். அது வண்டியின் விலைக்குக் கிட்ட வந்தது.

எனக்குப் பயம் வந்தால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். வீட்டில் என்றால் முட்டைத் தட்டுகளை எடுத்து எடுத்து அடுக்குவேன். அன்றைக்குக் கையில் இருந்தது கரண்டி. பெட்டரி செத்தால் சங்கிலியும் போய்த் தொழிலும் போய் சாந்தியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் நினைத்து முடித்தபோது கிண்ணம் வெறுமையாக இருந்தது. அடியில் ஒட்டியிருந்த ஏலக்காய்த் துணுக்கைக்கூடச் சுரண்டியிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா தம்பி?" என்றார் ஹாஜியார் சந்தோஷமாக.

அக்கா என் பக்கம் மெல்லத் திரும்பினார். "கை நனைச்சிட்டியேடா" என்றார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

தன் கிண்ணத்தை மடியில் இருந்து எடுத்து ஓரமாக வைத்தார். இத்தனை வருடத் தொழிலில் அவருடைய பக்கத்து ஆள் இப்படிச் செய்தது இல்லை. ஹாஜியாருக்கு ஏதோ பிழையாகிவிட்டது என்று மட்டும் விளங்கியது. "வட்டிலப்பம் சரியில்லயா?" என்றார்.

"வட்டிலப்பம் நல்லாத்தான் இருந்திருக்கும். சட்டியக் கழுவின மாதிரி சாப்பிட்டிருக்கானே" என்றார் அக்கா. பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு வழக்கத்தை விளக்கினார். இந்த வீட்டில் எங்கள் ஆள் கை நனைத்துவிட்டான், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகத் தனக்கு முகம் இருக்காது என்றார்.

ஹாஜியார் சிரிக்கவா வேண்டாமா என்று பார்த்தார். "அக்கா, வட்டிலப்பத்துக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் ஈக்கி?"

"சம்பந்தம்தான் ஹாஜியார். அதுதானே பிரச்சினை."

பிறகு, எழுந்து போக முடியாது என்றான பிறகு, அக்கா நேராகவே கேட்டுவிட்டார். "உங்க வண்டி ஒரு நாள் வேற லொறி முதுகுல வீட்டுக்கு வந்துச்சாமே. ஏன்?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "எங்கட சின்ன மகன் அக்கா. கூட்டாளிமாரோட மஹியங்கனைக்குப் போன. கட்டம் கொறயுது, திரும்பி வாங்கன்டு அவனுங்க செல்லியும் கேக்காம போன. வரக்கொள்ள அந்தப் பதினெட்டு வளைவில ஏறேலாம நின்ட. பெட்டரியில பிழை இல்ல, அவன்ட தலையிலதான் பிழை. அதனாலதான் விக்கவே போறேன். ஒங்களுக்கு நம்பிக்க இல்லாட்டி வேணாம். சாப்பிட்டதுக்காக எடுக்க வேணாம்."

அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார். "அப்ப மாப்பிள்ளை வீடு பார்க்க வாங்க" என்றார். "நாளைக்கு இவன் மடுல்கெல்லைக்கு முட்டை கொண்டுபோற நாள். நீங்களே ஓட்டிக்கிட்டு வாங்க. ஏறுதா இல்லையான்னு எல்லாருமாப் பார்ப்போம்."

"முட்டைக்குப் பதிலா அந்தப் பாரத்துக்கு சிமெந்து மூடை ஏத்திப் பார்ப்போமே அக்கா" என்றேன். வழியில் நின்றால் சிமெந்து உடையாது.

"கல்யாணத்துக்கு வேற ஆளையா மணவறையில ஒக்கார வைப்ப? முட்டையே ஏத்து" என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் முட்டைத் தட்டுகளை அடுக்கினோம். ஓட்டோவில் மூன்று தடவை கொண்டுபோகிற முட்டை அது. முன்னால் இரண்டு இருக்கைதான். ஹாஜியார் ஓட்ட, அக்கா பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்தட்டில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், தட்டுகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாந்தி வாசலில் நின்று, "முட்டையைப் பிடிக்கிறீங்களா, முட்டை உங்களைப் பிடிக்குதா?" என்றாள்.

பின்னால் இருந்த எனக்குத் திரை தெரியாது. அதனால் அக்கா முன்னால் இருந்து பின்கண்ணாடி வழியாக விரலைக் காட்டுவதாக ஏற்பாடு. எத்தனை கட்டமோ அத்தனை விரல். குண்டசாலையை விட்டபோது ஒன்பது. வத்தேகம வந்தபோது எட்டு. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வண்டி குலுங்கவே இல்லை. தண்ணீரில் போகிற மாதிரிப் போனது. ரோட்டில் நின்ற நாய்கள்கூடச் சத்தம் கேட்காமல் கடைசி நேரத்தில்தான் விலகின. கண்ணாடிக்குள் அக்காவின் வாய் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது. ஹாஜியாருடைய கடைக் கணக்குப்பிள்ளைக்குக் கலியாணம் ஆகவில்லை என்பதும், அவன் நம் ஆள் என்பதும் வத்தேகமவிலேயே வெளியே வந்துவிட்டதாம்.

ஏற்றம் தொடங்கியது. விரல்கள் குறையத் தொடங்கின. ஏழு. ஆறு. பன்வில கடைத்தெருவைத் தாண்டியதும் ஐந்து. அதற்கு அப்பால் தேயிலைக்குள் ரோடு நெளிந்து நெளிந்து ஏறுகிற இடத்தில் நாலு, கொஞ்ச தூரத்திலேயே மூன்று. ஹாஜியாரின் தலை முன்னால் நீண்டிருந்தது. வண்டியைத் தன் கழுத்தால் இழுக்கிறவர் மாதிரி. பிறகு ஒரு கொண்டை ஊசி வளைவில் அக்கா கையைக் கீழே இறக்கிவிட்டார். நான் கண்ணாடியைத் தட்டினேன். திரும்பவில்லை. மீண்டும் தட்டினேன். "பேசாம இரு" என்பது போலக் குடையால் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஹாஜியாரோடு கதையைத் தொடர்ந்தார்.

கதிரையில் இருந்துகொண்டே நான் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். வண்டி நிற்கிறது. முட்டையை யாராவது தோட்டத்து லொறியில் கெஞ்சி ஏற்றுகிறேன். மாத்தளைக்காரர் கடைக்கு வருகிறார். சாந்தி ஒன்றும் சொல்லாமல் வெறுங்கழுத்தோடு சமைக்கிறாள். இத்தனையும் நடந்து முடிந்தபோது வண்டி மடுல்கெல்லக் கடை வாசலில் நின்றது. கடை முதலாளி வெளியே வந்து, சத்தம் கேட்கவில்லையே, எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்.

தட்டுகளை இறக்கி எண்ணினோம். ஒரு முட்டையும் உடையவில்லை. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. முதலாளி ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது எதில வந்த முட்டை, பஞ்சிலயா?" என்றார். நான் அதற்குச் சந்தோஷப்படவில்லை. ஓடிப்போய் திரையைப் பார்த்தேன். இரண்டு கட்டம். மலை உச்சியில், வீட்டில் இருந்து இத்தனை தூரத்தில், இரண்டே இரண்டு.

அக்கா கடைக்குள் முதலாளியோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் நான் அவரை ஓரமாக இழுத்தேன்.

"வேணாம் அக்கா. ரெண்டு கட்டம்தான் இருக்கு. இன்னைக்கு வந்திருச்சு, நாளைக்கு மழையில வராது. என்னால ஏலாது. நான் கை நனைச்சதுக்கு வேற ஏதாவது பரிகாரம் இருந்தாச் சொல்லுங்க."

"அதுக்கு ஒரு தட்டு முட்டை குடுத்தாச் சரியாப் போயிரும். அது இல்ல விஷயம்" என்று சொல்லிவிட்டு, என்னை விட்டுவிட்டு ஹாஜியாரிடம் போனார். நானும் பின்னால் போனேன். ஹாஜியாரும் நான் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

"ஹாஜியார்" என்றார் அக்கா. "வண்டியப் பத்தி நேத்தே விசாரிச்சுட்டேன். மாப்பிள்ளையப் பத்தி இப்பத்தான் கடைக்காரர்கிட்ட விசாரிச்சேன். உங்களுக்காக."

"எனக்காகவா?"

"உங்க பொண்ணைக் குடுக்கிற எடத்தை நீங்க விசாரிக்க வேணாமா? இவனைப் பத்தி என்ன சொல்றாரு தெரியுமா? மழை இருட்டினா முட்டையோட பாதி வழியில நின்னு போன் போட்டு, வரலாமா வேணாமான்னு கேக்கிறவனாம். மூணு வருசத்தில ஒரு நாள் பிந்தினது இல்லையாம். ஏன்னா விடியிறதுக்கு முன்னாடியே பயந்துபோய்க் கெளம்பிருவானாம்." என் பக்கம் குடையை நீட்டினார். "உங்க மகன் சிங்கம் மாதிரி ஓட்டினான், வண்டி வேற லொறி முதுகுல வந்திச்சு. இவன் ரெண்டு கட்டம் மிச்சம் இருக்கும்போதே அழுறான். இவன் கையில இது ஒரு நாளும் நிக்காது. பாரத்தோட ஏறணும், வெறுசா எறங்கணும், அவ்வளவுதான் இதுக்கு வேலை. மூணு வீடு காலியான பொண்ணுக்கு இவனைவிட நல்ல எடம் அமையாது. நான் சொல்றேன், குடுங்க."

ஹாஜியார் என்னை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி ஏற இறங்கப் பார்த்தார். என் சேர்ட்டில் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"தம்பி" என்றார். "ராவைக்கு சார்ஜ் போட மறக்க மாட்டீங்களே?"

"மறக்கிறதா? போட்டிருக்கான்னு எழும்பி எழும்பிப் பார்ப்பேன் ஹாஜியார்."

"குரங்கு?"

"வயருக்கு மேல தகரம் அடிச்சிருவேன்."

அவர் சாவியை என் கையில் வைத்தார். "அப்ப நீங்களே ஓட்டுங்க."

இறங்கும்போது நான் ஓட்டினேன். ஹாஜியார் பின்தட்டில் பிளாஸ்டிக் கதிரையில், தொப்பி காற்றில் பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். இறக்கத்தில் வண்டி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்று அவர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. பன்வில கடந்தபோது மூன்றாவது கட்டம் எரிந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, ஏறும்போது கொடுத்ததை இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறது, இந்தக் காலத்து மருமகள் என்று திருப்திப்பட்டார். வழியெல்லாம் கடைக் கணக்குப்பிள்ளைக்கு எந்தப் பெண் பொருந்தும் என்பதுதான் பேச்சு. நான் ஒன்றையும் கேட்கவில்லை. மூன்றாவது கட்டம் அணைந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லிக் குடையால் ஒரு அடி விழுந்தது.

மடுல்கெல்லக் கடை என்னிடம்தான் இருக்கிறது. சாந்தியின் கழுத்தில் இப்போது ஒரு மெல்லிய சங்கிலி இருக்கிறது. வண்டி இன்றுவரை வழியில் நின்றதில்லை. ஆனால் பெட்டரி வயதாகிக்கொண்டு வருகிறது. விடிய விடியச் சார்ஜ் போட்டாலும் இப்போது ஒன்பது எரிவதில்லை, எட்டுத்தான். அந்த எட்டு எப்போது ஏழாகும் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். போன மாதம் திருகோணமலைக்குப் போன் எடுத்து அக்காவிடம் அதைத்தான் சொன்னேன்.

"கலங்கட்டும்" என்றார். "அது கலங்குற வரைக்கும் வண்டி ஓடும்."